கோட்டைப் படத்தைப் பகிர்கிறவர்களுக்கு ஒரு சொல்

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கால யாழ்ப்பாணக் கோட்டையின் வரைபடம் மறுபடியும் முகநூலில் சுற்றுகிறது. புகைப்படக் கருவியே இல்லாத காலத்தில் யாரோ மேலிருந்து படம் பிடித்தார்கள் என்பதுபோல நம்மவர்கள் அதைப் பார்த்துப் பூரிக்கிறார்கள். வரைபடமும் ஒரு வேலைதான், அதற்கும் தாள், மை, கூலி, மேலதிகாரி எல்லாம் உண்டு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மையையே எடுத்துக்கொள்வோம். அக்கால ஐரோப்பியர் மை காய்ச்சியது மாசிக்காயிலும் அன்னபேதி என்ற இரும்பு உப்பிலும். பிள்ளைக்கு மருந்து உரைத்த நம் பாட்டிமாருக்கு மாசிக்காய் புதிதல்ல. எழுதிய சில நாளில் நன்றாகக் கறுத்துவிடும் அந்த மை, நூற்றாண்டுகள் கழியப் பழுப்பாகிறது, தாளையும் அரிக்கிறது. நாம் பழைமையின் அழகு என்று ரசிக்கும் அந்தப் பழுப்பை வரைந்தவன் கண்டதே இல்லை. தண்ணீரைக் காட்டப் பூசிய, செம்புக் களிம்பிலிருந்து எடுத்த பச்சையும் அப்படியே. காலப்போக்கில் தவிட்டு நிறமாகிவிடும். அதைப் பார்த்து அகழியில் தண்ணீர் வற்றியிருந்தது என்று ஆராய்ச்சி எழுதிவிடாதீர்கள்.

நிறத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. கட்டி முடித்த மதிலுக்குச் சிவப்பு, இனிக் கட்ட நினைப்பதற்கு மஞ்சள் என்பது அன்றைய கோட்டைப் பொறியியலாளரிடம் பரவலாக இருந்த வழக்கம். மஞ்சள் பூசிய பகுதியைக் காட்டி "இங்கே ஒரு கட்டடம் இருந்தது, இடித்துவிட்டார்கள்" என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அது கட்டப்படாமலே போயிருக்கலாம்.

ஒரே படம் ஒல்லாந்தக் கும்பனியின் ஆசியத் தலைமையகமான பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) வேண்டும், ஆம்ஸ்டர்டாமுக்கும் வேண்டும். ஆகவே பிரதி எடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். மூலத்தைப் புதுத் தாளின் மேல் விரித்து, ஒவ்வொரு மூலையிலும் ஊசியால் குத்தி, விழுந்த துளைகளைக் கோட்டால் இணைப்பது ஒரு முறை. தாளை வெளிச்சத்துக்கு எதிரே சரித்துப் பிடித்தால் அந்தத் துளைகள் இன்றும் தெரியும். அப்படி இணைத்தவன் கோட்டையைக் கண்ணால் கண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான பால்டியஸ் பாதிரியாரின் நூலிலுள்ள நம்மூர்ப் படங்களும் செப்புத் தகட்டில் ஒருவர் உளியால் கீறியவைதான். பாதிரியார் இங்கே வாழ்ந்தவர். அதற்காகக் கீறிய கையும் இங்கே வந்து பார்த்தது என்று ஆகிவிடாது.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. தாளில் மதிலின் ஒரு பக்கத்தை இழுக்க அரை நிமிடம் போதும். மண்ணில் அதே பக்கத்துக்கு முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வெட்ட வேண்டும், சுமக்க வேண்டும், சூளையில் சுண்ணாம்பு சுட வேண்டும். ஐங்கோண மதில் முடிந்தது 1680 இல்; வெளியரண்கள் 1792 வரை இழுபட்டன. (மூன்றே ஆண்டில் எல்லாம் ஆங்கிலேயர் கைக்குப் போனது.) ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கப்பட்ட நம் சனங்களின் முதுகு அந்த மதிலுக்குள் இருக்கிறது. வரைபடத்தில் அளவுகோல் உண்டு, திசைகாட்டி உண்டு, அழகான எழுத்தில் கொத்தளங்களின் பெயர்களும் உண்டு. கல் சுமந்தவர் ஒருவர்கூட இல்லை. அளவெடுக்கச் சங்கிலி பிடித்து வெயிலில் நின்றவனும் இல்லை. அந்தச் சுத்தமான தாளைப் பார்த்து "ஒல்லாந்தர் கட்டிய கோட்டை" என்று நாமும் எழுதிவிடுகிறோம்.

ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும் வாய்ப்புள்ள புலம்பெயர் நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம்: படத்தின் முகத்தை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். அனுமதி கிடைத்தால் பின்பக்கத்தையும் ஓரங்களையும் எடுங்கள். நீர்க்குறி, ஊசித்துளை, ஒட்டுப்போட்ட இடம், அழித்து எழுதிய எழுத்து எதையும் விடவேண்டாம். முகம் ஏற்கெனவே எங்களிடம் போதுமான அளவு இருக்கிறது.