கூல் ரயில் ஆலை: 2,650 என்பது கூட்டக்கூடாத கூட்டல்

"இங்கிலாந்தின் கூல் நகரில் சீமென்ஸ் கட்டிய ரயில் ஆலையில் 2,650 பேருக்கு வேலை" என்றும், "முழு ரயிலும் அங்கேயே" உருவாகிறது என்றும் ஒரு பதிவில் போட்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. 2018 அறிவிப்பில் இருந்த மூன்று எண்களைக் கூட்டிய தொகைதான் 2,650: ஆலைக்குள் அதிகபட்சம் 700, கட்டுமானக் காலத்தில் 250, நாடு முழுக்க உதிரிபாகம் தருவோரிடம் 1,700.

இந்த 250 பேரின் வேலை கட்டடம் எழுந்ததும் முடிந்துவிடும். 1,700 பேர் கூல் ஆலையில் வேலை செய்பவர்களே அல்ல. எஞ்சும் 700-க்கு முன்னாலும் 'அதிகபட்சம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பகிர்பவர்கள் முதலில் உதிர்ப்பது அதைத்தான்.

"முழு ரயிலும் அங்கேயே" என்பதும் பிழை. லண்டன் பிக்காடில்லி தடத்துக்கான ஆர்டர் 94 ரயில்கள், ஒவ்வொன்றிலும் 9 பெட்டிகள். முதல் ரயில்கள் வியன்னாவில் உருவானவை. கூலின் பங்கு முதலில் பாதி, பிறகு 80 விழுக்காடு, அதாவது சுமார் 75 ரயில்கள். அதுவும் பெரும்பாலும் பொருத்தும் வேலை: வயரிங், கதவு, இருக்கை, உட்புறப் பலகைகள், கடைசியில் சோதனை. இதற்கு எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும்தான் அதிகம் வேண்டும்.

ஆலை திறந்தது 2024 அக்டோபரில். இனி பார்க்க வேண்டியது அடுத்த ஆர்டரை. இங்கிலாந்தின் டெர்பி நகரில் உள்ள அல்ஸ்டம் நிறுவனத்தின் ரயில் ஆலையில் ஆர்டர் வற்றி வேலைகள் ஆட்டம் கண்டபோது, 2024 ஜூனில் லண்டனின் எலிசபெத் தடத்துக்கு இன்னும் 10 ரயில்கள் வாங்கித்தான் தாங்கிப் பிடித்தார்கள்.