டெட்மார் கிராமர் பெயர் இல்லாமல் என்ன பட்டியல்?

நேற்று ராத்திரி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. வெளிநாட்டுக்குப் போய் வேலை பார்த்த ஜெர்மன் கால்பந்து கோச்களில் யார் பெரிய ஆள் என்று ஒருவன் கொளுத்திப் போட்டான். பத்து நிமிடத்தில் நூறு மெசேஜ். பாதிப் பேர் யூர்கன் க்ளாப். லிவர்பூலுக்கு முப்பது வருஷம் கழித்து லீக் பட்டம், அதற்கு முந்தைய வருஷம் சாம்பியன்ஸ் லீக், சரி, யார் இல்லை என்றது. கொஞ்சம் வயசான இரண்டு பேர் ஒட்டோ ரெஹாகல் என்றார்கள். 2004இல் கிரீஸை வைத்துக்கொண்டு யூரோ கோப்பை ஜெயித்தவர், அதுவும் போர்ச்சுகலை லிஸ்பனிலேயே வைத்து. அதையும் மறுக்க முடியாது. ஒருவன் மட்டும் தாமஸ் டூக்கல் என்று சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

டெட்மார் கிராமர் பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். "அது யாருப்பா" என்று ஒரு பதில், ஒரு சிரிப்பு எமோஜி, அவ்வளவுதான். அந்த எரிச்சலில்தான் இந்தப் பதிவு, நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964 ஒலிம்பிக் டோக்கியோவுக்கு என்று 1959இல் முடிவானது. போட்டியை நடத்துகிற நாடு என்பதால் கால்பந்தில் ஜப்பானுக்குத் தகுதிச் சுற்று கிடையாது, நேரே உள்ளே போய்விடலாம். அவர்களுக்குப் பயமே அதுதான். ரோம் ஒலிம்பிக்குக்கே தென் கொரியாவைத் தாண்டிப் போக முடியாத அணி, சொந்த ஊரில் உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது வரிசையாக கோல் வாங்கினால் மானம் என்ன ஆவது? ஜப்பான் கால்பந்துச் சங்கம் மேற்கு ஜெர்மனியிடம் ஆள் கேட்டது. 1954இல் ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த செப் ஹெர்பெர்கர் கைகாட்டிய ஆள்தான் கிராமர். டோர்ட்முண்டில் பிறந்தவர், அப்போது, 1960இல், 35 வயசு, ஆள் ரொம்பக் குள்ளம். பின்னாளில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப்பில் அவருக்கு நெப்போலியன் என்றே பட்டப்பெயர் விழுந்தது, அவரும் நெப்போலியன் வேஷம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார், அது வேறு கதை.

டோக்கியோவில் அவருக்கு நல்ல ஹோட்டல் ஏற்பாடு செய்திருந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டு, வீரர்கள் தங்கியிருந்த ஜப்பானிய பாணி விடுதிக்கே போய், அவர்களைப் போலவே தரையில் மெத்தை விரித்துப் படுத்து, அவர்கள் சாப்பிட்டதையே குச்சியால் சாப்பிட்டார். இதை நான் எளிமைக்கு உதாரணமாகச் சொல்லவில்லை. மைதானத்தில் அவர் செய்யப்போவதைத் தாங்கிக்கொள்ள வீரர்களுக்கு அவர்மேல் கொஞ்சமாவது பிரியம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடித்தே விரட்டியிருப்பார்கள்.

ஏனென்றால் அவர் எடுத்த முதல் பாடம், பாதத்தின் உட்பக்கத்தால் பந்தைத் தட்டுவது. ஆமாம், அதேதான். தேசிய அணி வீரர்களை, பல்கலைக்கழகத்தில் கொடி நாட்டியவர்களை, கம்பெனி அணிகளின் நட்சத்திரங்களை, எதிரெதிரே நிற்க வைத்து, தட்டு, நிறுத்து, திரும்பத் தட்டு. பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னால் பலருக்கு வரவில்லை. "நாங்கள் என்ன பள்ளிக்கூடப் பையன்களா" என்று உள்ளுக்குள் கொதித்தவர்கள் உண்டு. ஆனால் அவர் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நிற்கிற ஆள் கிடையாது. எதைச் சொன்னாலும் முதலில் தானே செய்து காட்டுவார், அதுவும் பிசிறில்லாமல். அப்புறம் என்ன பேச?

இங்கே இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். கிராமர் பேசுவதை ஜப்பானிய மொழியில் சொன்னவர் ஒகானோ ஷுனிசிரோ, டோக்கியோவில் உயேனோ பக்கம் பரம்பரையாகப் பலகாரக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. முன்னாள் வீரர், பின்னாளில் ஜப்பான் கால்பந்துச் சங்கத்துக்கே தலைவரானவர். ஒரு கோச் என்ன பேசினாலும் அது வீரன் காதில் எப்படி விழுகிறது என்பது மொழிபெயர்க்கிறவர் கையில்தான் இருக்கிறது. வெளிநாட்டு கோச் சரியில்லை என்று நாம் திட்டுகிற பாதி நேரம் நடுவில் ஒரு ஒகானோ இல்லாததுதான் காரணம் என்பது என் கட்சி.

டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலி விலகிக்கொண்டதால் ஜப்பான் பிரிவில் மூன்றே அணிகள். அர்ஜென்டினாவை 3-2 என்று ஜெயித்தார்கள். 81ஆவது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கியிருந்து, அடுத்தடுத்து இரண்டு கோல். கானாவிடம் தோற்றாலும் காலிறுதிக்குப் போய், அங்கே செக்கோஸ்லோவாக்கியாவிடம் நான்கு வாங்கினார்கள். மானம் தப்பியது. நம் ஊர் வழக்கப்படி பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும், மாலை, பொன்னாடை, விமான நிலையத்தில் கண்ணீர்.

கிளம்புவதற்கு முன்னால் அந்த மனிதர் ஐந்து யோசனைகளைச் சொல்லிவிட்டுப் போனார் பாருங்கள், எனக்கு அந்த அர்ஜென்டினா வெற்றியைவிட அதுதான் பெரிசு. அதில் தந்திரம், ஆட்ட வியூகம் என்று ஒரு வார்த்தை கிடையாது. நாக்அவுட் போட்டிகளையே நம்பிக்கொண்டிருக்காமல் நாடு முழுக்க ஒரு லீக் ஆரம்பியுங்கள், பள்ளி அணியிலிருந்து தேசிய அணி வரை கோச்களைப் போடுங்கள், அந்தக் கோச்களுக்கு முறையான படிப்பு வையுங்கள், தேசிய அணியை வருஷா வருஷம் வெளியே கூட்டிப்போய் ஆட விடுங்கள், புல்தரை மைதானங்களை அதிகமாக்குங்கள். இவ்வளவுதான். என்னை மறுபடி கூப்பிடுங்கள் என்று மட்டும் அதில் இல்லை.

மறு வருஷமே, 1965இல், எட்டு கம்பெனி அணிகளோடு லீக் ஆரம்பித்துவிட்டார்கள். மிட்சுபிஷி, ஹிட்டாச்சி, யான்மார் டீசல், ஃபுருகாவா எலெக்ட்ரிக், ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ, அதாவது மஸ்தா கார் கம்பெனி. அதே மிட்சுபிஷி அணிதான் இன்றைய உராவா ரெட்ஸ், யான்மார்தான் செரெசோ ஒசாகா. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கோச் நகானுமா கென், உதவிக்கு நம்ம ஒகானோ. இரண்டு பேருமே ஜப்பான்காரர்கள், அதைக் கவனியுங்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில், அஸ்டெக்கா மைதானத்தில், மெக்சிகோவையே 2-0 என்று சாய்த்தார்கள். சுகியாமா இடது பக்கமிருந்து கொடுக்க, கமாமோட்டோ இரண்டையும் உள்ளே தள்ளினார். அந்தப் போட்டித் தொடரில் அவர் மொத்தம் 7 கோல், அவர்தான் முதலிடம். உள்ளூர்க் கூட்டம் கடுப்பாகித் தன் அணியை விட்டுவிட்டு ஜப்பானுக்குக் கை தட்டியது.

1975இல் கிராமர் பயர்ன் மியூனிக்குக்கு ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) ஜெயித்துக் கொடுத்தார், 1976இல் மறுபடியும். அணியில் பெக்கன்பவர், கெர்ட் முல்லர், செப் மாயர். வாழ்க்கையிலேயே பெரிய தருணம் இதுதானா என்று கேட்டபோது, இல்லை, ஜப்பான் மெக்சிகோவில் வெண்கலம் வாங்கிய நாள்தான் என்று சொன்ன மனிதர் அவர். இதை நான் முதலில் படித்தபோது மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பெக்கன்பவருக்கு யாரும் பந்து உதைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் சுகியாமா தள்ளிவிட்ட அந்தப் பந்தின் பின்னால் எட்டு வருஷத்துக் காலை நேரங்கள் இருக்கின்றன.

அதற்காக எல்லாம் அமோகமாக நடந்துவிட்டது என்று கதை விட மாட்டேன். மெக்சிகோவுக்குப் பிறகு ஜப்பான் கால்பந்து படுத்துவிட்டது. கமாமோட்டோவுக்கு மஞ்சள் காமாலை வந்து ஆட்டம் தடைபட்டது, கம்பெனி லீக்குக்குக் கூட்டம் குறைந்தது, அடுத்த ஒலிம்பிக் வாய்ப்புக்கு 1996 வரை, முதல் உலகக் கோப்பைக்கு 1998 வரை காத்திருந்தார்கள். கிராமரைக் குறை சொல்ல விரும்புகிறவர்கள் இதைத்தான் எடுத்துப் போடுவார்கள், அவர் போனதும் எல்லாம் போச்சு, ஒரு தலைமுறைக்கு மட்டும்தான் பலித்தது என்று.

அவர்களுக்கு நான் சொல்வது ஒரு புல்தரைக் கதை. 1960 கோடையில் ஜப்பான் அணி பயிற்சிக்காக டூயிஸ்பர்க் போனது, கிராமர் வேலை பார்த்த விளையாட்டுப் பள்ளிக்கு. அந்த அணியில் கவாபுச்சி சபுரோ என்று ஒரு இளைஞர். ஜப்பானில் எல்லா மைதானமும் மண், விழுந்தால் முழங்கால் போய்விடும். அங்கே போய்ப் பார்த்தால் வரிசையாகப் பச்சைப் புல், உள்ளரங்கம், தங்குமிடம், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள்கூட விளையாடுகிறார்கள். எங்கள் ஊர் ஸ்கூல் கிரவுண்டில், கருங்கல் ஜல்லிக்கு நடுவே ஆடி, இரண்டு முழங்காலிலும் இன்றுவரை தழும்போடு திரிகிற எனக்கு, அவர் அன்றைக்கு என்ன நினைத்து நின்றிருப்பார் என்று ஓரளவு தெரியும். நான்கு வருஷம் கழித்து அர்ஜென்டினாவுக்கு எதிராக அந்த 81ஆவது நிமிட கோலைப் போட்டவர் இந்தக் கவாபுச்சிதான். 1993 மே 15 அன்று ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே லீக் தொடங்கியபோது அதன் தலைவரும் இவர்தான். ஊர் ஊருக்குப் புல்தரை, சொந்த ஊர் பேர் தாங்கிய கிளப் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றதற்கு விதை அந்த டூயிஸ்பர்க் புல்தரை என்பதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அதாவது 33 வருஷம். நாம் ஒரு கோச்சுக்கு 33 ஆட்டம்கூடக் கொடுப்பதில்லை.

நம் பக்கம் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம், வலிக்கத்தான் செய்யும். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், கிராமர் பயிற்சி ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆன அதே ஜப்பானை இந்தியா 2-0 என்று ஜெயித்தது, தங்கமும் வாங்கியது. நம் கோச் சையது அப்துல் ரஹீம், வெளிநாட்டு ஆளே தேவைப்படாத அளவுக்கு மூளைக்காரர், புற்றுநோயோடு நின்று அந்தத் தங்கத்தை வாங்கித் தந்தவர். 1963இல் அவர் போனார். அவருக்குத் தெரிந்ததும் அவரோடு போனது. எழுதி வைக்கவும் யாரும் இல்லை, வகுப்பெடுத்து அடுத்தவர்களுக்குக் கடத்தவும் யாரும் இல்லை. அதற்கப்புறம் எத்தனை வெளிநாட்டு கோச்கள் வந்தார்கள், போனார்கள், ஒவ்வொருவரும் போகும்போது சங்கத்தோடு சண்டை. நான் கோச்களைக் குறை சொல்லவில்லை. ஐந்து யோசனை எழுதிக் கொடுத்தாலும் வாங்கிப் படிக்க எதிரில் ஒரு ஆள் வேண்டுமே.

கிராமர் அப்புறமும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. ஃபிஃபாவின் கோச்சாக ஊர் ஊராகத் திரிந்தார். 1969இல் ஜப்பானிலேயே, ஆசியா முழுவதிலிருந்தும் வந்தவர்களுக்கு மூன்று மாதம் கோச்சிங் வகுப்பு நடத்தினார். 1974இல் அமெரிக்க அணிக்குப் பொறுப்பேற்று, ஆறு மாதம்கூட ஆவதற்குள் பயர்ன் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டார், அமெரிக்காக்காரர்கள் கடுப்பாகியிருப்பார்கள், நியாயம்தான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குத் தயாரான தென் கொரிய அணியோடு இருந்தார். 2015 செப்டம்பரில், 90 வயசில், பவேரியாவில் ரெய்ட் இம் விங்கிலில் காலமானார்.

2022 நவம்பரில் கத்தார் உலகக் கோப்பையில் ஜப்பான் ஜெர்மனியை 2-1 என்று ஜெயித்ததே, அதை அவர் பார்க்கவில்லை. அன்றைக்கு கோல் போட்ட டோவான், அசானோ இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுத்தது ஜெர்மன் கிளப்கள், ஃப்ரைபர்க்கும் போகுமும். மறு வருஷம் செப்டம்பரில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க்குக்கே போய் 4-1. மறுநாள் ஜெர்மனியின் கோச் ஹான்சி ஃபிளிக்குக்கு வேலை போனது. கிராமர் இருந்திருந்தால் எந்தப் பக்கம் கை தட்டியிருப்பார் என்று எனக்கு ஒரு யூகம் உண்டு.

இதையெல்லாம் கொஞ்சம் சுருக்கி நேற்றே குழுவில் போட்டேன். அரை மணி நேரம் சத்தமே இல்லை, எல்லோருக்கும் நீல டிக். கடைசியில் டூக்கல்காரன் மட்டும் பதில் போட்டான்: "எல்லாம் சரி மச்சான், உங்க ஆள் பிரீமியர் லீக்ல ஏதாவது ஜெயிச்சிருக்காரா?"