மூன்று வரி டெஸ்ட்டுக்கு ஐந்து ஃபிக்ஸ்சரா?

வியாழக்கிழமை அந்த ஸ்கிரீன்ஷாட் எந்தெந்தக் குரூப்பில் சுற்றியது என்று எனக்குத் தெரியும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இது உன்னோடதுதானே?" என்று இன்பாக்ஸில் வந்து கேட்டவர்கள் மட்டும் பதினோரு பேர். ஆமாம், அதில் இருந்த டெஸ்ட், அதாவது மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற குட்டி நிரல், என்னுடையதுதான். "மூணு வரி டெஸ்ட்டுக்கு அஞ்சு ஃபிக்ஸ்சராம்" என்று மேலே எழுதி, கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்று வைத்திருந்தார். போட்டவர் எனக்கு சீனியர். பெயர் சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டு நாள் சும்மா இருந்தேன். முடியவில்லை.

சொல்ல வந்தது ஒன்றுதான். ஃபிக்ஸ்சரை, அதாவது டெஸ்ட் ஓடுவதற்கு முன்னால் அதற்குத் தயாராக்கி வைக்கிற பொருளை, சின்னதாகச் செய்யுங்கள். எந்த டெஸ்ட்டுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்தும் என்ன? ஒரு வாடிக்கையாளர், ஒரு முகவரி, பொருள் போட்ட கூடை, காலாவதியான கூப்பன், போலி பேமென்ட் கேட்வே. செத்துப்போன கூப்பனை வைத்து ஆர்டர் போட்டால் பணம் பிடிக்கக் கூடாது என்பது டெஸ்ட். முகவரி எதற்கு என்று கேட்காதீர்கள், முகவரி இல்லாமல் செக்கவுட் நகராது. ஐந்து பெயரும் டெஸ்ட்டின் தலையிலேயே வரிசையாக நிற்கின்றன. படிக்கிறவருக்கு வேறு ஃபைலைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. இதில் எங்கே சிரிப்பது?

அவர் சொல்கிற வழி, 'ஃபுல் செட்டப்' என்று ஒரே ஃபிக்ஸ்சர். இருநூறு வரிக்கு மேல். ஸ்கோப், அதாவது ஃபிக்ஸ்சர் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பது, செஷன். லாகின் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைச் சோதிக்க வேண்டுமென்றாலும் கிடங்கு, கூரியர், ஜிஎஸ்டி எல்லாம் எழுந்து வந்து நிற்கும். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அதில் ஒரு டீ குடிப்பது மாதிரி.

போன தீபாவளி ரிலீஸ் சமயம் இந்த மண்டபம் என்ன செய்தது என்று சொல்கிறேன். நாங்கள் டெஸ்ட் ஓட்டும் பைத்தான் கருவியான பைடெஸ்டில் செஷன் ஸ்கோப் என்றால் மொத்த ஓட்டத்துக்கும் அந்த ஃபிக்ஸ்சர் ஒரே ஒரு தடவைதான் உருவாகும். ஆகவே எல்லா டெஸ்ட்டுக்கும் ஒரே கூடை. யாரோ ஒருவரின் டெஸ்ட் அந்தக் கூடையில் கூப்பனைப் போட்டுவிட்டு, எடுக்காமல் போயிருக்கிறது. 1,000 ரூபாய்க் கூடை 900 ஆகிவிட்டது. அடுத்த டெஸ்ட்டை எழுதியவர் 900 வருவதைப் பார்த்து, 900தான் சரி போல என்று அதையே எழுதிவிட்டார். மாதக்கணக்கில் பச்சை, அதாவது பாஸ். பிறகு வேகம் வேண்டும் என்று, டெஸ்ட்களைப் பங்கு போட்டு ஒரே நேரத்தில் ஓட்டுகிற எக்ஸ்டிஸ்ட் ப்ளக்இன்னைப் போட்டு நான்கு ப்ராசஸாகப் பிரித்தோம். அதில் செஷன் ஃபிக்ஸ்சர் ஒவ்வொரு ப்ராசஸிலும் தனித்தனியாக உருவாகும். கூப்பன் போட்ட டெஸ்ட் ஒரு பக்கம் போனது, 900 கேட்ட டெஸ்ட் இன்னொரு பக்கம் போனது. ராத்திரி இரண்டரை மணிக்கு 37 சிவப்பு. "டெஸ்ட் ஃப்ளேக்கி", அதாவது காரணமே இல்லாமல் ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில், என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ஃப்ளேக்கி இல்லை ஐயா. கூட்டத்தோடு ஓட்டினால் பாஸ், தனியாக ஓட்டினால் ஃபெயில். எட்டு மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்த டெஸ்ட் அன்றைக்குத்தான் உண்மை பேசியது.

இந்த 'ஃபிக்ஸ்சர்' என்ற சொல்லே எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் தொழிலில் பிறந்தது இல்லை. பட்டறைச் சொல். எங்கள் அப்பா கோயம்புத்தூர் கணபதியில் முப்பது வருஷம் பம்ப் பாகங்களுக்கு மில்லிங், டிரில்லிங் ஓட்டினவர். ஜாப்பை, அதாவது வேலை செய்கிற பாகத்தை, ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொள்வது ஃபிக்ஸ்சர். பிடித்துக்கொண்டு டிரில்லுக்கு வழியும் காட்டினால் அது ஜிக். ஆர்டர் பெரிசு என்றால் அந்த ஒரு பாகத்துக்கென்றே தனி ஃபிக்ஸ்சர் செய்வார்கள். பத்து பீஸ், இருபது பீஸ் வருகிற சில்லறை வேலைக்கு? டி-ஸ்லாட் வெட்டின பெட், நாலு கிளாம்ப், இரண்டு வி-பிளாக், கொஞ்சம் பேக்கிங் தகடு. இதையே மாற்றி மாற்றிச் சேர்த்து எந்த உருவத்தில் ஜாப் வந்தாலும் பிடித்துவிடுவார். உருண்டை என்றால் வி-பிளாக், தட்டை என்றால் கிளாம்ப் மட்டும். எல்லா ஜாப்புக்கும் எல்லாவற்றையும் மாட்டி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்பா பத்தாவது ஃபெயில்.

லீவு நாளில் போனால் என்னிடம் பனியன் வேஸ்ட்டைக் கொடுத்து ஓரமாக நிற்க வைப்பார். ஒவ்வொரு பீஸ் இறங்கியதும் உட்காரும் இடத்தை நான் துடைக்க வேண்டும். "தொடச்சுட்டு வை கண்ணு" என்று நாளைக்கு நூறு தடவை சொல்வார். கடுகளவு இரும்புச் சீவல் அடியில் இருந்தால்கூட அடுத்த பீஸ் கோணிக்கொள்ளும். பைடெஸ்ட் ஃபிக்ஸ்சரில் யீல்டு என்ற வரிக்குக் கீழே, டெஸ்ட் முடிந்தபின் ஓடுவதற்கென்று எழுதுகிறோமே, அது இந்தத் துடைப்புதான். டெஸ்ட் முடிந்ததும், கடைசியில் உருவானது முதலில் கலைந்து, வந்த வழியே திரும்பிப் போகும். என்னுடைய ஐந்து ஃபிக்ஸ்சரும் தன் தன் இடத்தைத் தானே துடைத்துவிட்டுப் போகின்றன. 'ஃபுல் செட்டப்'பில் யீல்டே இல்லை, போய்ப் பாருங்கள்.

இப்போது வருவார்கள். "ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் டேட்டாபேஸைப் புதுசா ஏத்தினா சிஐ சர்வர்ல டெஸ்ட் ஒரு மணி நேரம் ஓடுமே, யார் பில் கட்டுவா?" யார் ஏற்றச் சொன்னது? டேட்டாபேஸ் கன்டெய்னரை செஷன் ஸ்கோப்பில் ஒரு தடவை ஏற்றுங்கள். அதன்மேல் ஃபங்ஷன் ஸ்கோப்பில், அதாவது டெஸ்ட்டுக்கு ஒரு தடவை, ஒரு ட்ரான்சாக்ஷனைத் திறந்து, முடிந்ததும் ரோல்பேக் செய்து எழுதியதைக் கலைத்துவிடுங்கள். கனமானது கீழே நிலையாக இருக்கட்டும், அழுக்காவது மேலே புதிதாக வரட்டும். சின்ன ஸ்கோப் ஃபிக்ஸ்சர் பெரிய ஸ்கோப்பைக் கேட்டு வாங்கலாம். தலைகீழாகக் கேட்டால் பைடெஸ்டே ஸ்கோப் மிஸ்மேட்ச் என்று முகத்தில் அடிக்கும். கருவிக்கே தெரிந்திருக்கிறது.

"அப்போ பேஸ் கிளாஸ் எழுதலாமே?" பொதுத் தயாரிப்பை ஒரு கிளாஸில் எழுதி, டெஸ்ட் கிளாஸ்கள் அதிலிருந்து வாங்கிக்கொள்கிற வழி. எழுதினோமே, வேலைக்குச் சேர்ந்த புதிதில். லாகினுக்கு ஒரு பேஸ், கூடைக்கு ஒரு பேஸ், இரண்டும் வேண்டுமென்றால் மூன்றாவது பேஸ், அதில் சூப்பரைக் கூப்பிட, அதாவது மேல் கிளாஸின் தயாரிப்பை ஓட்ட, ஒருவர் மறந்து... வேண்டாம், சாப்பிடுகிற நேரம்.

"ஃபிக்ஸ்சர் ஃபிக்ஸ்சரைக் கூப்பிட்டு, அது இன்னொன்றைக் கூப்பிட்டு, எது எங்கே இருந்து வருதுன்னே தெரியலை." இது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். பொது ஃபிக்ஸ்சர்களை வைக்கிற கான்ஃப்டெஸ்ட் ஃபைலில் இருப்பது இம்போர்ட் இல்லாமலே உள்ளே வந்துவிடும். நானே தேடி அலைந்திருக்கிறேன். ஆனால் செட்டப்-ஷோ என்று ஒரு ஆப்ஷன் போட்டால் எது எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று வரிசையாகக் காட்டும். பத்து விநாடி வேலை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே எழுதி, பொம்மை தேடி ஒட்டுவதைவிடக் குறைச்சல்தான்.

"எல்லாத்தையும் ஒரே இடத்தில் வைப்பதுதான் ரீயூஸ்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. வி-பிளாக்கைப் போய்ப் பாருங்கள்.

உண்மையைச் சொன்னால், ஐந்து என்று எண்ணிச் சிரித்தது வலிக்கவில்லை. அதே சீனியரின் சர்வீஸ் கிளாஸ் ஒன்று உருவாகும்போது ஒன்பது டிபெண்டென்சிகளை, அதாவது அது நம்பியிருக்கிற வேறு பொருள்களை, வாங்கிக்கொள்கிறது. அதற்குப் பெயர் ஆர்க்கிடெக்சர், ரிவ்யூவில் கைதட்டல். நான் ஐந்து கேட்டால் காமெடி. ஏனென்றால் இது "டெஸ்டிங்தானே". அந்தத் 'தானே'யை ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரிலீஸ் டேட் தள்ளினால் டெஸ்டிங்கால் தாமதம். ரிலீஸ் நல்லபடியாகப் போனால் மெயிலில் எல்லோர் பெயரும் இருக்கும், நான் 'மற்றும் குழுவினர்'. தீபாவளிக்கு முந்தின ராத்திரி அந்த 37-ஐயும் ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதியது யார் என்று யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. விடியற்காலை அப்பா போன் செய்து, எண்ணெய் வைத்துக் குளித்தாயா கண்ணு என்று கேட்டார். குளித்துவிட்டேன் என்று சொன்னேன்.

"பர்சனலா எடுத்துக்காதீங்க சிஸ்டர்" என்று சொல்லத் தட்டிக்கொண்டிருக்கும் தம்பி, கொஞ்சம் நிறுத்து. பதினோரு பேர் இன்பாக்ஸில் வந்தபிறகு அது பர்சனல்தான்.

அந்த டெஸ்ட்டைச் சேர்க்கக் கேட்டு நான் போட்ட பிஆர் (புல் ரிக்வெஸ்ட்) இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஐந்து ஃபிக்ஸ்சரில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டேன். கீழே சிரிப்புப் பொம்மை போட வருகிறவர்கள், 'ஃபுல் செட்டப்'பை நம்பி எழுதிய உங்கள் டெஸ்ட்டில் ஏதாவது ஒன்றைத் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.