முதல்ல சப்ஸ்டிட்யூட்டா போங்க, அப்புறம் சர்டிஃபிகேஷன்

டெக்சஸில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது இன்பாக்ஸில் வந்துவிடுகிறார்கள். "அக்கா, அந்த ஆல்டர்னேட்டிவ் சர்டிஃபிகேஷன் ஈஸியா? பிள்ளைங்க வீட்டுக்கு வர்ற நேரத்துக்கு நாமளும் வந்திடலாமே!" பெரும்பாலும் என்னைப் போல ஐடியை விட்டுவிட்டு எச்4-இல், அதாவது கணவரின் வேலை விசாவை ஒட்டிய விசாவில், வந்தவர்கள். (இஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் எதுவும் நடக்காது, அதை முதலில் பாருங்கள்.) ஒவ்வொருவருக்கும் தட்டச்சு செய்து முடியவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஆசிரியர் சான்றிதழுக்கான இந்த மாற்று வழி சுலபம்தான். நம்மூர் பி.எட். போல மறுபடி கல்லூரிக்குப் போக வேண்டாம். ஏதாவது ஒரு டிகிரி, அது இந்திய டிகிரி என்றால் அமெரிக்கக் கணக்குக்கு மாற்றிய மதிப்பீட்டு அறிக்கை, ஒரு பயிற்சித் திட்டத்தில் சேர்க்கை, பாடத் தேர்வு. 4 முதல் 8 வரை ஆங்கிலம் எடுக்க, 2021-இலிருந்து வாசிப்பைக் கற்பிப்பது பற்றித் தனித் தேர்வு ஒன்றும் உண்டு: 90 கேள்வி, ஒரு கட்டுரை. தேறினால் ஓராண்டுக்கு இன்டர்ன் சான்றிதழ். பள்ளி வேலை கொடுத்துவிட்டால் முதல் நாளே முழுச் சம்பளம், முழு வகுப்பு.

அந்த முழு வகுப்பில்தான் எனக்குத் தகராறு. எங்கள் ஊரிலும் கிணற்றில் தள்ளித்தான் நீச்சல் பழக்குவார்கள். ஆனால் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிட்டுத் தள்ளுவார்கள். இங்கே சுரைக்குடுக்கை என்பது எப்போதாவது வந்து 45 நிமிடம் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகும் மேற்பார்வையாளர். நான் சேர்ந்த திட்டம் வீடியோக்களாக அனுப்பித் தள்ளியது. வேகத்தைக் கூட்டி ஓடவிட்டு முடித்தேன், பொய் சொல்லவில்லை.

முதல் வருடம் ஒரு பையன். வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்வேன். அவனுக்கு இரண்டு பேர் முன்னால் வரும்போது கை தூக்குவான், "மிஸ், ரெஸ்ட்ரூம்." ஹால் பாஸை, அதாவது வகுப்பை விட்டு வெளியே போகும் அனுமதிச் சீட்டை, எடுத்துக்கொண்டு போனால் மணி அடிக்கும்போதுதான் தலை தெரியும். சேட்டைக்காரன் என்று நினைத்து வீட்டுக்கு இரண்டு மின்னஞ்சல்கூட அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொன்னபோது, 'ஐலண்ட்' என்ற சொல்லில் நின்றுவிட்டான். "இஸ்... லேண்ட்?" முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்தே ஏழாம் வகுப்புவரை வந்திருக்கிறான். வாசிக்கத் தெரியாது என்று நண்பர்கள் முன்னால் காட்டிக்கொள்வதைவிட, அடங்காதவன் என்று பெயர் வாங்குவது பன்னிரண்டு வயதில் லாபம்.

அந்த வாசிப்புத் தேர்வுக்கு நான் படித்ததெல்லாம் இதைத்தான். அசை பிரிப்பது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு, எல்லாம். கேள்வித்தாளில் வந்திருந்தால் சரியாக டிக் அடித்திருப்பேன். ஹால் பாஸ் கேட்டுக்கொண்டு வந்தபோது தெரியவில்லை. என் பக்கத்தில் ஒரு அனுபவசாலி இருந்திருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பார்.

நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டது எனக்கு நல்லதுதான். அவனுக்கு ஏழாம் வகுப்பு ஒரு தடவைதானே.

அதற்காக இந்த வழியே கூடாது என்பவர்கள் கட்சியில் நான் இல்லை. இது இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் வகுப்புக்குள் போயிருக்கவே முடியாது. நான் மதுரையில் பத்தாவதுவரை தமிழ் வழியில் படித்தவள். இங்கிலீஷை விதி விதியாக மனப்பாடம் செய்துதான் ஏறி வந்தேன். "இங்கே ஏன் கமா?" என்று பிள்ளைகள் கேட்டால் காரணம் சொல்ல முடிகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த சக ஆசிரியை ஒருவர், "அப்படித்தான் காதுக்கு நல்லா இருக்கு" என்பார். (என் 'வி'யையும் 'டபிள்யூ'வையும் பிள்ளைகள் கேலி செய்வது தனிக் கதை.)

அதனால் கேட்பவர்களுக்கு ஒன்றுதான். பணம் கட்டும் முன் பக்கத்து மிடில் ஸ்கூலில் சப்ஸ்டிட்யூட்டாக, அதாவது ஆசிரியர் வராத நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்பவராகப் போங்கள். பல பள்ளி மாவட்டங்களில் அதற்கு ஆசிரியர் சான்றிதழ் கேட்பதில்லை. மதியச் சாப்பாடு முடிந்து வரும் பீரியடைக் கேட்டு வாங்குங்கள். பத்து நாள் தாக்குப்பிடித்துவிட்டு எழுதுங்கள், தேர்வுக்கு நான் எழுதிவைத்த நோட்டை ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.