மத்தேயு 6:6 சபையாக ஜெபிப்பதைத் தடுக்கிறதா?

மத்தேயு 6:6-ல் இயேசு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னதால், பிறர் முன்னால் ஜெபிப்பதே தவறு என்று ஒரு பதிவு சொல்கிறது. அப்படி இல்லை நண்பரே. அதற்கு முந்தைய வசனத்தைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். "மனுஷர் காணும்படியாக" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது, அவர் கண்டிப்பது இடத்தை அல்ல, பார்க்கிறவர்கள் மெச்ச வேண்டும் என்கிற உள்நோக்கத்தை. அந்த நோக்கம் பூட்டிய அறைக்குள்ளும் நம்மோடு வரலாம், எனக்கு வந்திருக்கிறது.

சரி, எப்படி உறுதிசெய்வது? அதே அதிகாரம் 9-ம் வசனத்தில் "எங்கள் பிதாவே" என்று பன்மையில்தான் ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அப்புறம் யோவான் 11:41, 42-ஐத் திறந்து பாருங்கள். லாசருவின் கல்லறைமுன் கூட்டத்தின் நடுவே, அவர்கள் கேட்கும்படியாகவே இயேசு ஜெபிக்கிறார்.