ஓபிடி கதிரையில் இருந்து நோயாளி பார்க்க யார் பழக்குகிறார்கள்?

அந்த அம்மா மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். எழுபது வயது இருக்கும். மூன்று கிழமையாகத் தலைச்சுற்று என்றார். நான் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். கதவுக்கு வெளியே நீண்ட வரிசை. இருந்தபடியே பிரஷர் பார்த்தேன், இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதினேன், தலைச்சுற்றுக்குக் குளிசை கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாளில் நெற்றியில் தையலோடு திரும்பி வந்தார். முற்றத்தில் விழுந்துவிட்டாராம். பக்கத்து மேசையில் இருந்த மூத்த டொக்டர் எழும்பி வந்து கேட்ட முதல் கேள்வி: "அம்மா, வீட்டில போடுற குளிசை எல்லாம் கொண்டு வந்தீங்களா?" மகள் சொப்பிங் பையை மேசையில் கொட்டினார். கிளினிக்கில் கொடுத்த லொசார்டன் என்ற பிரஷர் குளிசை கடதாசி உறையில் இருந்தது. தனியார் மருந்துக்கடையில் வாங்கிய அதே லொசார்டன் வேறொரு பெயரில் அட்டையில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டு வந்திருக்கிறார். நிற்கச் சொல்லிப் பிரஷர் பார்த்தபோது நன்றாக இறங்கிவிட்டது.

மாரடைப்போடு ஒருவர் வந்தால் முதலில் என்னென்ன செய்ய வேண்டும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அன்றைக்கு நான் சொல்லியிருப்பேன். வாட்டில் அப்படிப் பழக்கியிருந்தார்கள். பையைக் கொட்டச் சொல்ல யாரும் பழக்கவில்லை. அந்தத் தையலில் என் பங்கும் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

1961இல் கெர் வைட் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆயிரம் பெரியவர்களை எடுத்தால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது சுகமில்லாமல் வருகிறது. 250 பேர் டொக்டரிடம் போகிறார்கள். வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது 9 பேர். பல்கலைக்கழக வைத்தியசாலை வரை போவது ஒரேயொருவர். அமெரிக்க, பிரித்தானியத் தரவுதான், பழையதும்தான், சரி. 2001இல் அமெரிக்காவில் திரும்பப் பார்த்தபோதும் படம் பெரிதாக மாறவில்லை. நாங்கள் படிப்பதெல்லாம் அந்த ஒன்பது பேரையும் ஒருவரையும் பார்த்து. பிறகு வேலைக்காலம் முழுக்கப் பார்ப்பது அந்த 250 பேரை.

பட்டப்பின் பயிலுநர்களுக்கு வெளிநோயாளர் மருத்துவத்தைக் கலப்பு முறையில் கற்பிக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியதை முன்கூட்டியே போனில் படித்துவிடட்டும். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் வரும் என்பதற்கு மூத்தவரின் நேரத்தைக் கொடுப்போம். கொரோனா காலத்தில் ஒரு மணித்தியால சூம் விரிவுரையைப் பதிந்து வட்ஸ்அப் குழுவில் போட்டோமே, அதைக் கலப்பு முறை என்று சொல்ல எனக்கு மனமில்லை. வாட் வேலைக்கு நடுவே அதை முழுதாகக் கேட்ட ஒருவரையும் நான் காணவில்லை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் உள்ளக மருத்துவப் பயிலுநர்களுக்கான இணையப் பாடத்தை 2000களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. முதலில் கேள்வி, பதில் சொன்ன உடனே விளக்கம். பதினைந்து நிமிடத்தில் முடியக்கூடிய அப்படி ஒரு நோயாளிக் கதை கிழமைக்கு ஒன்று போதும்.

அதே கிழமை கிளினிக்கில், மூத்தவர் ஒருவர் மூலையில் கதிரை போட்டு இருக்க வேண்டும். வாய் திறக்காமல் ஒரு நோயாளியைப் பயிலுநர் பார்ப்பதைப் பார்க்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் பேச வேண்டும். 1984இல் பெக்மன், பிராங்கல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டொக்டரும் நோயாளியும் பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 செக்கனில் டொக்டர் குறுக்கிடுகிறார். நான் குறுக்கிடுவது எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். அதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லாது.

பாடங்களை வெளியிலிருந்து அப்படியே இறக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. திருகோணமலையில் ஒரு காலை வேளையில் தமிழ், சிங்களம் இரண்டும் காதில் விழும். தெற்கிலிருந்து வருகிற டொக்டர் தம்பிமாருக்கு நல்ல மனம் இருக்கிறது, ஆனால் "நாரிக்குள்ள உழையுது", "நெஞ்சு அந்தரமாக் கிடக்கு" என்றால் என்ன செய்வார்கள்? அந்தச் சொற்களை இங்கத்தைய ஆட்களின் குரலிலேயே பதிந்து பாடமாக்கலாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு காலம் ஒரு தனிப் பாடம். சீனி வருத்தத்துக்குக் கிளிக்கிளசைட் குளிசை போடுகிறவர் காலை அளவைக் குறைக்காமல் சஹருக்கு (விடியமுன் சாப்பாட்டோடு) போட்டுவிட்டு நோன்பிருந்தால், பின்னேரத்தில் சீனி இறங்கி மயங்கக்கூடும். நோன்பு தொடங்க முன்னமே இதைப் பேச வேண்டும். என் வாட் படிப்பில் இதுவும் வரவில்லை.

"நோயாளியைப் பார்க்கப் பார்க்கத் தானாக வரும்" என்று சில மூத்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் வந்ததுதான். அதற்கு அந்த அம்மா விழ வேண்டியிருந்ததே.

இன்னொன்று, நேரம். இரவு டியூட்டி முடித்து வருகிறவரிடம் வீட்டில் போய்ப் படி என்று சொன்னால் அந்தத் திட்டம் ஒரு மாதத்தில் செத்துவிடும். அமெரிக்காவில் பல இடங்களில் நான்கு கிழமை வாட், ஒரு கிழமை கிளினிக் மட்டும் என்று பிரித்திருக்கிறார்கள். கிளினிக் கிழமையில் வாட்டிலிருந்து போன் வராது. இங்கே ஆள் பற்றாக்குறைக்குள் அப்படியே செய்ய முடியாது என்று தெரியும். கிழமைக்கு ஒரு அரை நாளையாவது டியூட்டி என்று கணக்கெடுத்து, அந்த நேரத்தில் வாட் வேலைக்குக் கூப்பிடாமல் விடலாம்.

நான் சொற்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். கொப்பியில் முப்பது வரை வந்திருக்கிறது. குச்சவெளி, தம்பலகாமம், ஈச்சிலம்பற்றுப் பக்கம் இருக்கிறவர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வருத்தத்தை எப்படிச் சொல்வார்களோ அப்படியே, திருத்தாமல் எழுதி அனுப்புங்கள். முதல் நோயாளிக் கதைக்கு அந்தச் சொப்பிங் பையை வைத்திருக்கிறேன்.