பொருள் எண் 4 முதல் 31 வரை

எங்கள் ஊர் மன்றக் கூட்டத்தில் இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பார்வையாளர்களுக்கு என்று பின்னால் ஆறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். எனக்கு வாய்த்தது அதுதான். போகட்டும், அது இல்லை என் பிரச்சினை. எங்கள் தெருமுனையில் சாக்கடை மூடி உடைந்து ஐந்து மாதமாகிறது. யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று உள்ளே ஒரு மரக்கிளையைச் செருகி, அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறோம். துணி இது மூன்றாவது. முதல் இரண்டும் வெயிலில் வெளுத்துக் கிழிந்துவிட்டன. அது பற்றி நான் கொடுத்த மனு அன்றைய மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 23-ஆம் பொருளாக வந்திருந்தது. அந்தப் பொருள் வரும்போது என்ன பேசுகிறார்கள் என்று ஒருமுறை காதால் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வேலைக்கு அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன்.

கேட்கவில்லை. 23 என்ற எண்ணையே அந்த அறையில் யாரும் வாயால் சொல்லவில்லை.

முதலில் வரவேற்பு. அப்புறம் இரங்கல் தீர்மானம், எழுந்து நின்றோம், உட்கார்ந்தோம். முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு 'பதிவு செய்யப்பட்டது'. யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. சரி, சடங்குதானே என்று நானும் பொறுமையாக இருந்தேன். மூன்றாம் பொருள் வந்தது. பூங்கா வாசலில் வைக்கப் போகிற கல்வெட்டு.

அந்தக் கல்வெட்டுக்கு ஐம்பத்தைந்து நிமிடம்! தலைவர் பெயருக்குக் கீழே துணைத்தலைவர் பெயரா, பக்கத்திலா? வார்டு உறுப்பினர் பெயர் எந்த அளவு எழுத்தில்? எழுத்து தங்க நிறத்திலா, வெள்ளையிலா? ஓர் உறுப்பினர் எழுந்து, போன முறை வைத்த கல்வெட்டில் தன் பெயரில் ஒற்றெழுத்து விடுபட்டுப் போனதாகவும், அது திட்டமிட்ட சதி என்றும் சொன்னார். இன்னொருவர் அதற்கு விளக்கம் கேட்டார். மூன்றாமவர், அகரவரிசைப்படி போட்டால் பிரச்சினையே இல்லை என்றார். அவர் பெயர் 'அ'வில் தொடங்கும் என்பதை இன்னொருவர் கண்டுபிடித்துவிட, சிரிப்பும் கூச்சலுமாக இன்னொரு பத்து நிமிடம் போனது. மைக் வேறு கொரகொரவென்று இருமிக்கொண்டே இருந்தது. இதற்கு நடுவில் இரண்டு பேர் வெளிநடப்பு செய்து, ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

கடைசியில் கல்வெட்டு விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

பிறகுதான் வந்தது அந்த வாசகம். "பொருள் எண் 4 முதல் 31 வரை வழக்கமான அலுவல்கள்தான். உறுப்பினர்கள் எல்லாரும் படிச்சிருப்பீங்க. யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?" தலைவர் கேள்விக்குறியை முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து "ஆல் பாஸ், ஆல் பாஸ்" என்று குரல். மேசையைத் தட்டினார்கள். முடிந்தது. கைபேசியில் மணியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருபத்தெட்டு பொருள்கள்! நான் நாற்காலியை நகர்த்திப்போட்டு நிமிர்வதற்குள் 23 வந்து போய்விட்டிருக்கிறது.

அந்த இருபத்தெட்டில் என்னென்ன இருந்தன என்று பாருங்கள். குப்பை அள்ளும் ஒப்பந்தத்தை மறு டெண்டர் விடாமல் இன்னும் ஓராண்டுக்கு நீட்டிப்பது. குடிநீர் மோட்டார் பழுது பார்த்த செலவு; அதே மோட்டார், அதே நிரலில் இரண்டு இடத்தில் இருந்தது. தெருவிளக்குப் பராமரிப்பு. கடைகளுக்கு வாடகை நிர்ணயம். வரி நிலுவையைத் தள்ளுபடி செய்வது. அப்புறம் ஒரு டஜன் 'பின்னேற்பு'. பின்னேற்பு என்றால் வேலையும் முடிந்துவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது, இப்போது மன்றம் அனுமதி கொடுத்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். தாலி கட்டி முடித்துவிட்டுப் பெண் பார்க்க வருகிற கதை. உண்மையான அவசரத்துக்கு அது தேவைதான், மழைக்கு இடிந்த சுவரை மன்றம் கூடும்வரை விட்டுவைக்க முடியாது. ஆனால் நாற்காலி வாங்கியதற்கும் அச்சடித்ததற்கும் என்ன அவசரம் வந்தது?

ஒவ்வொரு பொருளும் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது" என்றே முடிகிறது. பார்வை எங்கே? காகிதக் கட்டு முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்ததாக ஓர் உறுப்பினரே என்னிடம் சொன்னார். பிரித்தாரா என்று கேட்டேன். சிரித்தார்.

வெளியே வந்ததும் எங்கள் வார்டு கவுன்சிலரைப் பிடித்தேன்.

"சார், என் மனு என்ன ஆச்சு?"

"பாஸ் ஆயிடுச்சு தம்பி. கவலைப்படாதீங்க."

"என்னன்னு பாஸ் ஆச்சு?"

அப்போதுதான் அவர் கையில் இருந்த கட்டைப் பிரித்தார். எச்சில் தொட்டுப் புரட்டி 23-ஐக் கண்டுபிடித்து, விரல் வைத்து முணுமுணுத்துப் படித்தார். அலுவலகக் குறிப்பு: "நிதிநிலைக்கேற்பப் பின்னர் பரிசீலிக்கலாம்." அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஆக, என் சாக்கடையை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று ஒருமனதாக நிறைவேற்றியிருக்கிறார்கள். மேசை தட்டி. தட்டியவர்களில் எங்கள் கவுன்சிலரும் ஒருவர். நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்ல மனிதர், வீட்டுக் கல்யாணம் காதுகுத்து எதற்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். கூட்டத்தில் மட்டும் படிக்க மாட்டார்.

பத்து நாள் அலைந்து நடவடிக்கைக் குறிப்பின் நகலை வாங்கினேன். அதில் என் பொருளுக்கு நேரே "மன்றத்தில் விவாதித்து ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று இருக்கிறது. விவாதித்து! எழுத்தரிடம் கேட்டால், "யார் என்ன பேசினாங்கன்னு எழுத மாட்டோம் சார், முடிவை மட்டும்தான் எழுதுவோம், எல்லா ஊர்லயும் அப்படித்தான்" என்கிறார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 1876-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் தொகுத்த கூட்ட விதிகள் இன்றும் பல மன்றங்களுக்கு வேதம். அதிலும் குறிப்பில் எழுத வேண்டியது செய்ததைத்தான், சொன்னதை அல்ல. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, நடக்காத விவாதத்தை நடந்ததாக எழுதச் சொல்லி எந்த விதியில் இருக்கிறது?

இதையெல்லாம் நண்பன் ஒருவனிடம் பொருமினால், பார்க்கின்சனைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். 1957-இல் வந்த அந்தப் பிரிட்டிஷ்காரரின் புத்தகத்தில் ஒரு குழு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் சண்டை போடும். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லாருக்கும் புரியும், அதனால்தான் என்பது அவர் சொன்ன காரணம். அருமையான மனிதர், ரொம்ப நல்ல மனசு. எனக்கு அவ்வளவு நல்ல மனசு இல்லை. குப்பை ஒப்பந்தம் என்ன அணு உலையா, புரியாமல் போவதற்கு? எங்கள் மன்றத்தில் பேசாமல் விடுகிற விஷயங்கள் புரியாத விஷயங்கள் அல்ல. சிலருக்கு நன்றாகவே புரிந்த விஷயங்கள். மற்றவர்களுக்குக் கல்வெட்டு.

'வழக்கமான அலுவல்' என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு எரிகிறது. வழக்கமானது என்றால் முக்கியமில்லாதது என்று யார் சொன்னது? மூச்சு விடுவதும் வழக்கமானதுதான். தண்ணீர், விளக்கு, குப்பை, சாக்கடை, இந்த நான்கும் இல்லாமல் ஊராட்சிக்கு வேறு என்ன வேலை?

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவில் பெல் என்ற சின்ன ஊர் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், உழைக்கும் ஜனங்கள் வாழ்கிற ஏழை ஊர், மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்கும் கீழே. 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது: அந்த ஊரின் நிர்வாகி ராபர்ட் ரிஸோவின் ஆண்டுச் சம்பளம் 7,87,637 டாலர். அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளமே 4 லட்சம். பகுதி நேர வேலை பார்த்த கவுன்சிலர்கள் ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதில் பெரும்பகுதி அந்த வாரியம் இந்த ஆணையம் என்று பெயருக்குக் கூடிய கூட்டங்களுக்காக. சில நிமிடமே நடந்த கூட்டங்களும் உண்டு, நடக்காதவையும் உண்டு. இந்தச் சம்பளத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது 2005-இல் நடந்த ஒரு சிறப்பு வாக்கெடுப்பு. மாநிலச் சட்டத்தின் சம்பள வரம்பு தங்கள் ஊருக்குப் பொருந்தாதபடி செய்துகொண்டார்கள். அன்றைக்கு ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை. நாற்காலிகள் காலியாக இருந்தால் இப்படித்தான். ரிஸோவுக்கு 2014-இல் பன்னிரண்டு ஆண்டு சிறை கிடைத்தது. ஊருக்குக் கடன் கிடைத்தது.

எங்கள் ஊரில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது என்பதுதானே என் புலம்பல்! அந்த ஆறு நாற்காலியில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான்.

சண்டை என்றால் கதை வேறு. இங்கிலாந்தில் ஹேண்ட்ஃபோர்த் என்று ஒரு குட்டி ஊர். 2020 டிசம்பரில் அதன் மன்றத்தார் ஜூம் வழியாகக் கூடி, ஒருவர் மீது ஒருவர் கத்தி, கூட்டத்தை நடத்த வந்த ஜாக்கி வீவர் என்ற பெண்மணி தலைவரையே வெளியே தள்ளிவிட்டார். இரண்டு மாதம் கழித்து அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. நானும் பார்த்தேன், விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கூட்டத்தின் நிரலில் என்ன இருந்தது என்று கேளுங்கள், பார்த்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

நம் பங்குக்கு நாம் உத்திரமேரூரைச் சொல்லிக்கொள்வோம். எந்த மேடையானாலும், எந்தக் கட்சியானாலும், 'அன்றே குடவோலை முறை கண்ட இனம்' என்று தொடங்காமல் இருக்க மாட்டார்கள். எங்கள் தலைவரும் அன்றைக்கு வரவேற்புரையில் சொன்னார். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை, உண்மைதான். ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறதே, அதை ஏன் யாரும் மேடையில் சொல்வதில்லை? வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் உறவினர் பெயரையும் போடக் கூடாது. அதுவும் கல்வெட்டுதான். அதில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று ஐம்பத்தைந்து நிமிடம் அடித்துக்கொண்டார்களா என்று தெரியவில்லை.

மொத்தமாக நிறைவேற்றுவதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்க ஊர்களில் 'கன்சென்ட் அஜெண்டா' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சின்னச் சின்ன விஷயங்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரே ஓட்டில் முடிப்பார்கள். ஆனால் உறுப்பினர் ஒருவர் 'இதைத் தனியே எடுங்கள்' என்றால் எடுத்து வைத்துப் பேச வேண்டும். ஒரே ஒருவர் போதும். எங்கள் மன்றத்திலும் ஒருவர் கை தூக்கி 'இருபத்து மூன்றை மட்டும் கொஞ்சம் பார்ப்போம்' என்றிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். கை தூக்குவதற்குப் படித்திருக்க வேண்டும். படிப்பதற்குக் கட்டைப் பிரித்திருக்க வேண்டும். சணல் முடிச்சு அவிழாமலே சில கட்டுகள் அந்த மேசையில் கிடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

நேற்று அடுத்த கூட்டத்துக்கான நிரலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். போய் நின்று படித்தேன். மறுபடி கொடுத்த மனு 19-இல் இருக்கிறது. கல்வெட்டு, மறுபடியும் 3. முப்பத்து நான்கு பொருள்கள். எங்கள் கவுன்சிலர் வீட்டுக்குக் காகிதம் எப்போது வரும் என்று அலுவலக உதவியாளரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை கட்டைப் பிரிக்க நானே கத்தரிக்கோலோடு அவர் வீட்டு வாசலில் நிற்கப் போகிறேன். மரக்கிளைக்கு நாலாவது துணியும் கட்டியாகிவிட்டது.